சொல்லிசையும் எங்கள் ஆயாவின் பாட்டும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

"தாளத்தோடு தடதடவென்று பேசுவதெல்லாம் பாட்டாகுமா?" என்று சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் மாலையில் கோட்டக்குப்பம் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வியும் என்னோடு ஏறிக்கொண்டது. அதற்கு என்னால் இயன்ற விடையே இக்கட்டுரை.

முதலில் 'ராப்' என்பது என்ன என்று காண்போம். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர், தம் சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளை இயக்கினார். ஒரே பாடலின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டுவது அவர் கண்ட உத்தி. நீண்ட அத்தாளத்தின்மேல் பேச்சு ஏறியது; ஏழைக் கறுப்பின இளைஞர்களின் கலை வளர்ந்தது. தமிழில் இதற்குச் 'சொல்லிசை' என்று அழகிய பெயர் உண்டு. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ்ச் சொல்லிசைக்குப் பாதை வகுத்தவற்றுள் ஒன்று.

சொல்லிசையின் இலக்கணம் எளிது. நான்கு தட்டுக் கொண்ட தாளம் சுழன்றுகொண்டே இருக்கும். சொற்கள் அத்தட்டுகளில் விழ வேண்டும். சில வேளை தட்டுக்கு முந்தியும் பிந்தியும் விழுந்து கேட்போரை வியக்க வைக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லிசை பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒலி ஒத்துவருவதை நம்பி நிற்கிறது. நாம் இதை இயைபு என்போம். தமிழிலோ வினைமுற்றுகள் ஒரே விகுதியில் முடிவதால் இயைபு தானாகவே வந்துவிடும். எளிதில் வருவது எளிதில் சலிக்கவும் செய்யும். ஆகவே தமிழ்ச் சொல்லிசைக் கலைஞரின் திறம் அடியின் தொடக்கத்திலேயே, மோனையிலும் எதுகையிலும், தெரிந்துவிடுகிறது. அயல்நாட்டுத் தாளத்தில் நம் யாப்பு வந்து அமர்ந்துகொள்கிறது என்பது மிகையன்று.

இதற்குச் சான்றாக அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்னும் கலைஞரைக் காட்டலாம். கவிதை எழுதிக்கொண்டிருந்த இவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் 2017இல் உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் கிதாரும் சொல்லிசையும் அங்கே ஒன்றாக ஒலித்தன. அதே ஆண்டில் 'காலா' படத்தின் 'உரிமையை மீட்போம்' பாடலை அறிவு எழுதினார். 2019இல் ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளைத் தெருவுக்கு அழைத்துவரும் அப்பெயரே ஒரு கவிதையன்றோ!

அக்காலத்து அறிவின் நடை வழக்குரைஞரின் நடை. எதிரே ஒருவரை நிறுத்திக் கேள்விமேல் கேள்வி கேட்கும். வல்லின எழுத்துகள் பறையடி போல விழும். 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு' பாடலிலும் அவ்வேகம் உண்டு.

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயுடன் இணைந்து வழங்கிய 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அந்நடை மாறியது. 'என் சாமி' என்பது பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் சொல். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்ததை வரலாற்று மாணவர்கள் அறிவர். அம்மக்களின் துயரம் பாடலுக்குள் ஒப்பாரியாக இறங்கியது. முன்பு எதிரியை நோக்கிப் பேசியவர் இப்போது பாட்டியின் வாயால் பேசினார். குரல் தணிந்தது, பொருளோ கனத்தது. என்னைக் கேட்டால் இதுவே அவருடைய உண்மையான வளர்ச்சி.

புகழோடு பூசலும் வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இப்பாடல் அறிவு இல்லாமலே மேடையேறியது. பாடலில் தம் பங்கு எது என்று அறிவு எழுதினார். மற்ற இருவரும் தத்தம் விளக்கத்தை வெளியிட்டனர். அதற்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆயினும், வாய்வழி வந்த பாட்டின்மேல் யார் பெயரை எழுதுவது என்னும் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. 2024இல் அறிவு தம் தொகுப்பு ஒன்றுக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். பாட்டியின் பெயர் முன்னே, தாம் அவருடைய பேரன் என்பது பின்னே!

அதன்பின்தான் எனக்கு எங்கள் ஆயாவின் நினைவு வந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைவரை மீன்கூடை சுமந்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர். குப்பத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவரைத்தான் தேடுவார்கள். மூன்றாண்டு தமிழ் படிக்கும் நான் அவர் பாட்டில் ஓரடிகூட எழுதிவைத்ததில்லை. இப்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. பாதி அடிகள் மறந்துவிட்டன.

நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, "ஆயா, ஒரு ஒப்பாரி சொல்லு, எழுதிக்கிறேன்" என்றேன்.

"சீ! எழவு வுழாத வூட்ல ஒப்பாரி வெக்கக் கூடாது சாமி" என்று அதட்டினார். என் முகம் வாடியதைக் கண்டு, "கூடை தூக்கினு போவச் சொல்ல கத்துவேனே, அத வேணும்னா எழுதிக்கோ" என்றார்.

கவலை, காரப்பொடி, கானாங்கெளுத்தி என்று அவர் கூவியபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மூன்று மீனுக்கும் மோனை! யாப்பருங்கலக்காரிகையைக் கண்ணால் பார்த்திராத ஆயா, மீன்களை மோனைப்படி அடுக்கியிருக்கிறார். கூடையோடு நடந்த நடையே அதற்குத் தாளம். வகுப்பில் எழுந்த கேள்விக்கு விடை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

நண்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். நடவுப் பாட்டோ, தாலாட்டோ, கூவி விற்ற குரலோ, தருவதை எழுதிக்கொள்ளுங்கள். மறவாமல் அவர்கள் பெயரை மேலே எழுதுங்கள். ஆயா ஒப்பாரியை இன்னும் எனக்குத் தரவில்லை. தராமலே போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன். அதைக் கேட்கும் நாள் வரவே கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.