சேராத நெகிழியும் சேர்த்து வைக்கும் சங்கிலியும்

"மறுசுழற்சிதானே செய்கிறார்கள், அதில் என்ன கெடுதல்?" என்று கேட்பவர்களுக்கு, கோல லங்காட் வட்டாரத்தில் இருக்கும் நம் ஜெஞ்சாரோமே பதில்.

2018 ஜனவரியில் சீனா, அந்நிய நாட்டு நெகிழிக் குப்பைக்குக் கதவை மூடியது. குப்பை மலேசியா பக்கம் திரும்பியது. ஜெஞ்சாரோமைச் சுற்றி உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. விலை போகும் நெகிழியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இரவில் எரித்தார்கள். மக்கள் விடாமல் புகார் கொடுத்ததால் பல ஆலைகள் மூடப்பட்டன. அதன் பிறகும் 17,000 டன் குப்பை அங்கே கிடந்ததாக 2019-இல் செய்தி வந்தது.

மிச்சம் ஏன் விழுகிறது? அழுக்கு ஒரு காரணம். கலப்பு இன்னொரு காரணம். பால் புட்டி பாலிஎத்திலீன். சாப்பாட்டு டப்பா பாலிபுரோப்பிலீன். இரண்டையும் சேர்த்து உருக்கினாலும் எண்ணெயும் தண்ணீரும் போல் பிரிந்தே நிற்கும். அதில் செய்த பொருள் அந்த எல்லைக்கோட்டில் எளிதாக உடையும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி 'பிளாக் கோபாலிமர்'. ஒத்துப்போகாத இரண்டு குடும்பங்களைச் சம்பந்தி ஆக்குவது போல, இரண்டு வகைச் சங்கிலிகளை நுனியோடு நுனி பிணைத்து விடுகிறார்கள். பிரிந்து ஓட முடியாது, கலக்கவும் மனமில்லை. அதனால் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில், தாங்களாகவே அணி வகுக்கின்றன. ஒரு பக்கம் மிகக் குறைவாக இருந்தால் குட்டி உருண்டைகள்; சற்றுக் கூடினால் உருளைகள்; சரிபாதி என்றால் குவே லாபிஸ் போல் அடுக்குகள்.

இனி, ஒரு பக்கத்து உறவினரை மட்டும் கூட அழைத்து வருவோம். அதாவது, அதே வகைத் தனிச் சங்கிலியைக் கலப்போம். அவை குட்டையாக இருந்தால் தம் பக்கத்தில் ஊடுருவி அமரும். அந்த அடுக்கு தடிக்கும். மேலும் சேர்த்தால் அடுக்கே உருளையாக மாறும். ஆனால் சங்கிலி மிக நீளமாக இருந்தால் ஒட்டாமல் தனிக்கூட்டமாக ஒதுங்கிவிடும். ஆக, எதை, எந்த நீளத்தில், எவ்வளவு கலக்கிறோம் என்பதே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வடிவம்தான் பொருளின் உறுதியைத் தீர்மானிக்கிறது.

2017-இல் அமெரிக்காவின் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்த சங்கிலியை உருவாக்கினார்கள். சேராத அந்த இரண்டின் கலவையில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்ததுமே, எளிதில் உடைந்த கலவை உறுதியானது.

அப்படியானால் குப்பையை இறக்குமதி செய்யலாமா? கூடாது, நேயர்களே. ஒரு ஜோடிக்குச் செய்த சங்கிலி வேறு ஜோடிக்கு உதவாது. அழுக்கையும் சாயத்தையும் அது நீக்காது. பேசல் ஒப்பந்தத்தில் சேராத நாடுகளின் நெகிழிக் கழிவுக்கு 2025 ஜூலை 1 முதல் மலேசியா தடை விதித்தது நியாயமே.

நம் பங்கு வீட்டில் தொடங்குகிறது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4 என்றால் பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். கழுவி, பிரித்து வையுங்கள். பிரித்து வைத்த நெகிழிக்கு விலை உண்டு. விலை உள்ளதை யாரும் எரிக்க மாட்டார்கள்.