தாகூர் பாட்டில் ஒரு சொல்

மேற்கு வங்கத்துக்கு மாநிலப் பாடலும் மாநில நாளும் கிடைத்தன. கூடவே ஒரு சர்ச்சையும்.

ஒரு பாட்டுக்காகச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடப்பது அபூர்வம். கொல்கத்தாவில் நடந்தது. ரவீந்திரநாத் தாகூரின் 'பாங்லார் மாட்டி, பாங்லார் ஜல்' மாநிலப் பாடல் என்றும், புத்தாண்டான பொய்லா பைசாக் 'பாங்லா திவஸ்' என்றும் 2023 செப்டம்பர் 7-ம் தேதி தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 167, எதிர்ப்பு 62.

எதிர்த்த பாஜக கேட்டது ஜூன் 20-ஐ. 1947-ல் அந்தத் தேதியில்தான் வங்காளச் சட்டமன்றத்தில் மாகாணப் பிரிவினைக்கு வாக்களிக்கப்பட்டது. மேற்கு வங்கம் பிறந்தது அன்றுதான் என்பது அவர்கள் வாதம். 2023-ல் ஆளுநர் மாளிகையிலும் அந்த நாள் கொண்டாடப்பட்டது. ஊரையும் உறவையும் பறிகொடுத்தவர்களின் மாநிலத்தில் பிரிவினைக்கு விழாவா என்று திரிணமூல் காங்கிரஸ் கொதித்தது.

தேர்ந்தெடுத்த பாடலே பிரிவினைக்கு எதிராகப் பிறந்ததுதான். கர்சன் பிரபுவின் வங்கப் பிரிவினை 1905 அக்டோபர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை ராக்கி கட்டும் நாளாக்கினார் தாகூர். தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் ராக்கி கட்டினார். சித்பூர் மசூதியில் இருந்தவர்களையும் விடவில்லை. அந்த நாளுக்கான பாட்டு இது. பிரிவினை 1911-ல் ரத்தானது. அதே எழுச்சியில், ககன் ஹர்கரா என்ற பாவுல் பாடகரின் மெட்டில் பிறந்த 'ஆமார் சோனார் பாங்லா' பின்னாளில் வங்கதேசத்தின் தேசிய கீதமானது.

சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. பாட்டில் 'வங்காளிகளின்' என்று வரும் இடத்தில் 'வங்காளத்தின்' என்று மாற்றலாமே என்றார் மம்தா பானர்ஜி. வங்காளிகள் மட்டுமா இங்கே வாழ்கிறார்கள் என்பது அவர் கேள்வி. 2023 டிசம்பரில் திரைப்பட விழா மேடையில் மாற்றிய வடிவம் ஒலித்ததும் கண்டனம் கிளம்பியது. தாகூர் படைப்புகளின் காப்புரிமை 2001 இறுதியில் முடிந்துவிட்டது. அதுவரை ரவீந்திர சங்கீத இசைத்தட்டுகளுக்கு விசுவபாரதி இசைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கெடுபிடியில் மனம் வெறுத்து, பெரும்பாடகர் தேபப்ரத பிஸ்வாஸ் ரவீந்திர சங்கீதப் பதிவையே நிறுத்திக்கொண்டார். இப்போது சட்டத்தின் தடை இல்லை. ரசிகர்களின் கோபம்தான் காவல்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. மனோன்மணீயம் சுந்தரனாரின் வாழ்த்தில் பிற மொழிகளைச் சுட்டும் வரிகளை விட்டுவிட்டுத்தான் 1970-ல் அரசு அதை ஏற்றது. எம்.எஸ். விசுவநாதன் மோகனத்தில் மெட்டமைத்தார். 2021 டிசம்பரில் 55 விநாடி மாநிலப் பாடலானது. தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ என்ற வழக்கும் நாம் அறிந்ததே.

லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழர்களையும் அணைக்கத்தான் அந்த ஒரு சொல் என்று சொல்லலாம். நோக்கம் நல்லதே. ஆனால் 1905-ல் 'வங்காளி' என்ற சொல் இந்துவையும் முஸ்லிமையும் சேர்த்துக் கட்டிய கயிறு. அதை அவிழ்த்துவிட்டால் பாட்டின் வரலாறும் அவிழ்ந்துவிடும். பிறரைச் சேர்க்கப் புதுப் பாட்டு எழுதலாம். பழைய பாட்டைத் திருத்த வேண்டியதில்லை.