டியூ கட்டுவதா, பம்ப் வேலை பார்ப்பதா?

புது வண்டி விற்கிற இடத்தில் விலையை முதலில் சொல்ல மாட்டார்கள். “மாசம் எவ்வளவு கட்ட முடியும்?” என்றுதான் கேட்பார்கள். பதினேழாயிரம் என்று வாயைத் திறந்துவிட்டால் போதும், மீதிக் கணக்கை அவர்களே போட்டு, ஐந்து வருடத் தவணையில் ஒரு பிக்கப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இப்போது ஓட்டுகிற வண்டி வருடத்தில் எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது? பழையதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதற்கு அந்த எண்ணில்தான் பாதி விடை இருக்கிறது.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, நாமக்கல் முட்டை, ஓசூர்ப் பூ, நாகப்பட்டினத்து மீன் எல்லாம் கடைசி நூறு கிலோமீட்டரை இந்தச் சின்ன டீசல் வண்டிகளில்தான் கடக்கின்றன. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது, 702 சிசியில் இரண்டே சிலிண்டர் கொண்ட அந்த வண்டிக்கு ‘குட்டி யானை’ என்று ஊரே பெயர் வைத்தது. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது. கிராமத்துப் பாதையில் ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு போக மஹிந்திரா பிக்கப்தான் என்ற நம்பிக்கை அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. இவற்றை வைத்திருப்பவர்களில் பலருக்கு முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள். லாரி கம்பெனியில் ஒரு வண்டி நின்றால் இன்னொன்று லோடுக்குப் போகும். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

‘பழைய வண்டி’ என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்குள் இரண்டு தலைமுறை இருக்கிறது. முதலாவது, மெக்கானிக்கல் பம்ப் வண்டி. நாசிலைக் கழற்றி டெஸ்ட் செய்து, பம்ப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிப் பூட்டினால் மறுநாள் ஓடும். ஊருக்கு ஒரு பம்ப் மெக்கானிக்காவது இருப்பார். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடினால் கிடைக்காத பாகம் அரிது. இரண்டாவது, காமன் ரெயில் வந்த பிறகான பி.எஸ்.4 வண்டி. நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 என்ற புகை விதி கட்டாயமானது. இதற்குச் சென்சாரும் கம்ப்யூட்டரும் உண்டு, ஸ்கேனர் போட்டுப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். ஆனாலும் தெருமுனை மெக்கானிக் இப்போது இதையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

பி.எஸ்.4-இன் கதை 2020 மார்ச் 31-உடன் முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு அவற்றை விற்கக் கூடாது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த நாளிலிருந்து பி.எஸ்.6. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டமும் வந்து, புகை எவ்வளவு போகிறது என்பதை வண்டியே ஓடும்போது கவனித்துக்கொண்டிருக்கிறது.

இனி கணக்கு. எண்களை என் வசதிக்கு எடுத்துக்கொள்கிறேன், உங்கள் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். புது பிக்கப் பத்து லட்சம் ரூபாய். கையிலிருந்து 2 லட்சம், கடன் 8 லட்சம், வட்டி 10 சதவீதம், ஐந்து ஆண்டு. மாத டியூ சுமார் 17,000. ஐந்தாண்டில் கையிலிருந்து போவது மொத்தம் 12 லட்சத்து 20 ஆயிரம். பழைய வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது, புதியது 14 தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டினால், டீசல் 92 ரூபாய் என்ற கணக்கில், மிச்சம் மாதத்துக்கு சுமார் 4,500 ரூபாய். டியூ 17,000, மைலேஜ் மிச்சம் 4,500. புது வண்டியின் மைலேஜே டியூவைக் கட்டிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அதற்காகப் பழைய வண்டிதான் லாபம் என்று முடித்துவிடவும் முடியாது. பழைய வண்டிக்காரர்கள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திக்கொள்வார்கள், அது சரியில்லை. ஐந்தாண்டு முடிந்த பிறகும் புது வண்டிக்கு நாலரை லட்சம் மதிப்பு இருக்கலாம். பழையதை இன்று விற்றால் இரண்டரை லட்சம் என்றால், ஐந்தாண்டு கழித்து ஒரு லட்சத்துக்குப் போனாலே அதிகம். டீசல் மிச்சம் 2 லட்சத்து 70 ஆயிரம், புது வண்டியின் மதிப்பு 4 லட்சத்து 50 ஆயிரம், பழையதை முன்னாலேயே விற்பதில் தப்பிக்கும் ஒன்றரை லட்சம் எல்லாவற்றையும் கழித்தால், புது வண்டிக்காக உண்மையில் கூடுதலாகக் கொடுப்பது ஐந்தாண்டுக்கு மூன்றரை லட்சம். வருடத்துக்கு 70,000 ரூபாய்.

இந்த 70,000-தான் எல்லைக்கோடு. புது வண்டிக்கும் சர்வீஸ் உண்டு. அதைவிடக் கூடுதலாகப் பழைய வண்டி இழுக்கும் பழுதுச் செலவையும், நின்ற நாட்களில் போன வாடகையையும் கூட்டுங்கள். எழுபதாயிரத்துக்குக் கீழே இருந்தால் பழையதை வைத்துக்கொள்ளலாம். நாள் வாடகையில் செலவு போகக் கையில் நிற்பது 2,000 என்றால், இருபது நாள் நின்றாலே 40,000 போய்விட்டது. மீதி முப்பதாயிரத்தில் கிளட்ச், டயர், கமான் பட்டை எல்லாம் அடங்குமா என்று பாருங்கள்.

கிலோமீட்டரை மாற்றிப் பார்த்தால் விடையே புரண்டுவிடுகிறது. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் மிச்சம் இரட்டிப்பாகி, அந்தக் கூடுதல் செலவு வருடத்துக்கு 16,000-ஆகச் சுருங்குகிறது. தினமும் இரவில் சென்னைக்கோ கொச்சிக்கோ போய்வருகிறவர் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமே இல்லை. மாதம் 1,250 கிலோமீட்டர்தான், சந்தைக்கும் தோட்டத்துக்கும் நடுவே என்றால், வருடத்துக்கு 97,000 வரை பழுதுக்கும் நின்ற நாளுக்கும் போனாலும் பழையதே மேல். வண்டியின் வயதைவிட ஓட்டம்தான் முடிவு செய்கிறது என்கிறேன்.

காகிதத்தில் வராத ஒன்று, டியூவின் சுபாவம். பழைய வண்டி பழுதானால் செலவை ஒரு மாதம் தள்ளிப்போடலாம், மெக்கானிக்கிடம் பாதி கொடுத்துப் பாதி சொல்லலாம். டியூ அப்படியல்ல. மழையில் லோடு இல்லாத ஐப்பசியிலும், காய்கறி விலை விழுந்து சந்தை காலியாகும் வாரத்திலும், கறக்காத நாளிலும் தீவனம் கேட்கிற மாட்டைப் போல அது வாசலில் நிற்கும். மூன்று டியூ தவறினால் வண்டியையே சீஸ் செய்துவிடுவார்கள். செகண்ட் ஹேண்ட் லாரிக்குக் கடன் கொடுப்பதை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்த ஊர் சென்னை. ஸ்ரீராம், சுந்தரம், சோழமண்டலம் மூன்றுமே இங்கே பிறந்தவை. ஆகவே கடன் கிடைப்பதில் கஷ்டமில்லை. ஆனால் நிச்சயமான லோடு, மாதச் சம்பளம் போல வாடகை தருகிற ஒரு மண்டியோ கம்பெனியோ கையில் இல்லாமல் புது வண்டிக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கட்சி.

புது வண்டியில் பலர் மாட்டிக்கொள்வது புகைக்குழாயில். பி.எஸ்.6 டீசலில் கரித்துகளைப் பிடித்து வைக்க டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகைக்குழாய்க்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓடினால் அது தானாக நடந்துவிடும். தெருத் தெருவாகத் தண்ணீர் கேன் இறக்குகிற வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது, எரிப்பதற்காகக் கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறுவதையும் பார்க்கலாம். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால், ஒரு நாள் வண்டி இழுக்காது. நேரே கம்பெனி சர்வீஸ்தான், தெருமுனையில் தீராது. புகையைச் சுத்தம் செய்ய யூரியா ஊற்ற வேண்டிய மாடல் என்றால் அந்தச் செலவும் தனி.

இதற்குக் குறுக்கு வழியாக, வடிகட்டியை அறுத்தெடுத்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியில் இப்படி மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பத்து லட்சம் கொடுத்துப் புது வண்டி வாங்கி அதைப் பழைய வண்டியாக்குவதற்குப் பதில், பழைய வண்டியையே வைத்திருக்கலாமே!

இன்னொரு பயமும் ஊரில் சுற்றுகிறது: “பதினைந்து வருஷம் ஆனா வண்டியைப் பிடுங்கிடுவாங்க.” டீசலுக்குப் பத்து வருடம் என்ற கட்டுப்பாடு டெல்லித் தலைநகரப் பகுதியில் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் வந்தது, தமிழ்நாட்டுக்கு அது கிடையாது. பதினைந்து ஆண்டு தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது அரசு வாகனங்களுக்கு. மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுதான் உயிர். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய அரசு பதினைந்து வயது தாண்டிய இலகுரக வாகனத்துக்கு எஃப்.சி. புதுப்பிப்புக் கட்டணத்தை 7,500 ரூபாய் ஆக்கியது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்துகொண்டிருப்பதால் இன்றைய கட்டணத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டு தாண்டினால் பசுமை வரியும் சேரும். வண்டியைப் பிடுங்க மாட்டார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் செலவைக் கூட்டிக் கூட்டி நம்மையே கொடுக்க வைப்பார்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு வேடிக்கை. 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 விகிதப்படி 16,049 ரூபாய். பழசானாலும் புதுசானாலும் அதே தொகைதான். புதியதற்குக் கடன் கொடுப்பவர் முழு இன்ஷூரன்ஸ் கேட்பார் என்பதால் அங்கேதான் செலவு கூடும். பெர்மிட்டையும் மறக்க வேண்டாம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. ‘அதே டியூவில் பெரிய வண்டி’ என்று 1.7 டன், 2 டன் ஏற்றுகிற மாடலுக்குப் போனால் அந்த எல்லை தாண்டிவிடும்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர் எஞ்சினைவிட சேசிஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை போர் போடலாம், வேறு எஞ்சினே வாங்கிப் பூட்டி ஆர்.சி.யில் ஏற்றலாம். சேசிஸ் போனால் வண்டி போயிற்று. மீன் லோடு அடித்த வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பல வருடம் சொட்டிச் சொட்டி, பெயின்டுக்கு அடியில் இரும்பைத் தின்றிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா பாருங்கள்; அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகைக்கு நாசிலோ ஏர் ஃபில்டரோ காரணமாக இருக்கலாம், அல்லது இரண்டு டன் ஏற்றியதாகவும் இருக்கலாம். கந்தகம் குறைந்த புது டீசல் பழைய பம்ப்பைத் தேய்த்துவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். வழவழப்புக்கான சேர்மானத்தோடுதான் அந்த டீசல் பங்க்குக்கு வருகிறது.

புகை விஷயத்தில் மட்டும் பழைய வண்டிக்காகப் பரிந்து பேச முடியவில்லை. கனமான பிக்கப் வகைக்கு பி.எஸ்.4 அனுமதித்த துகள் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம். பி.எஸ்.6-இல் அது 4.5. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதிப்படுத்தியது. சந்தையில் எஞ்சினை அணைக்காமல் லோடு ஏற்றும்போது அதை முதலில் சுவாசிப்பவர் டிரைவரும் லோடுமேனும்தான். நாசிலும் ஃபில்டரும் சரியாக இல்லாத பழைய வண்டியை வைத்திருப்பதற்கு எந்தக் கணக்கும் நியாயம் சொல்லாது.

மாற்றுவது என்று முடிவானால், 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருப்பது நல்ல செய்தி. பழையதை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டியின் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகைக்கு விதி இடம் தருகிறது. ஓடுகிற நிலையில் உள்ள வண்டிக்கு வெளிச்சந்தையில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பதால் இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள். நடுவழி தேடுகிறவருக்கு 2017-க்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் பதிவான, மீன் ஏற்றாத, சிங்கிள் ஓனர் பி.எஸ்.4 வண்டி இன்னும் கிடைக்கிறது. அதன் வாழ்நாளும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

ஷோரூமுக்குப் போகிற நாளில் கடந்த பன்னிரண்டு மாத டீசல் பில்லையும் ஒர்க்‌ஷாப் பில்லையும் எடுத்துக்கொண்டு, வண்டி நின்ற நாட்களை வீட்டுக் காலண்டரில் எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று அவர்கள் கேட்கும் முன், மாதம் எத்தனை கிலோமீட்டர் லோடு நிச்சயம் என்பதை நீங்கள் உங்களிடம் கேட்டு முடித்திருங்கள்.