மிலானில் நடந்த கோலாப்பூரி

2025 ஜூனில் மிலான் மேடையில் பிராடா நிறுவனம் காட்டிய தோல் செருப்பு, மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் ஊர்ச் செருப்பான கோலாப்பூரியேதான்: கட்டைவிரல் வளையம், பின்னல் வார், தட்டையான அடி. பெயரை மட்டும் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே இந்தியக் கைவினையின் தாக்கம் என்று ஒப்புக்கொண்டது. ஃபேஷனில் கடன் வாங்காதவர் யார் என்று கேட்கலாம். நியாயம்தான், கோலாப்பூரிக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடும் பெயரைத்தான் காக்கிறது, வடிவத்தை அல்ல. ஆனால் பிராடாவின் நாடான இத்தாலி அதைச் சொல்லி நழுவ முடியாது. பாரிஸ் மாதிரிகளைப் பார்த்துத் தைத்துவந்த நாடு அது. 1951-இல் ஃபிளாரன்ஸில் அமெரிக்க வணிகர்களை அழைத்து ஜோர்ஜினி என்ற இத்தாலிய வணிகர் ஆடைக் காட்சி நடத்திய பிறகே, ‘இத்தாலி’ என்ற பெயருக்கே விலை கிடைத்தது. ஊர்ப்பெயர் எவ்வளவு பெறும் என்பது அவர்களுக்கா தெரியாது? ஆணியே இல்லாமல், தோல் வாராலேயே தைக்கும் கோலாப்பூர்க் கைகளுக்கும் அதே கணக்குதான். 2025 டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுத் தோல் கழகங்களோடு பிராடா உடன்பாடு கண்டது: 2,000 ஜோடிகள், ஜோடி சுமார் 800 யூரோ. அதில் தைப்பவர் கூலி எவ்வளவு என்று இனிக் கேட்க வேண்டும்.