ஹேவ் வினைச்சொல்லும் துருக்கிய மொழியும்

ஹேவ் என்பது ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். உடைமை, உறவு, நோய், உணவு உண்ணுதல், கடப்பாடு, பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்வித்தல், முற்றுப்பெற்ற செயல் எனப் பல பொருள்களை இவ்வொரு சொல்லே தாங்கி நிற்கின்றது. துருக்கிய மொழியில் இதற்கு நேரான வினைச்சொல் இல்லை. ஆகவே ஆங்கிலத்திலிருந்து துருக்கிய மொழிக்குப் பெயர்ப்பவர் இச்சொல்லைக் காணும் ஒவ்வொரு முறையும் வாக்கியம் முழுவதையும் வேறு முறையில் கட்ட வேண்டியுள்ளது. அகராதிகள் தரும் நேர்ச்சொல்லை மட்டும் நம்புவோர் இலக்கணப் பிழையற்ற, ஆனால் எந்தத் துருக்கியரும் பேசாத வாக்கியங்களை எழுத நேர்கின்றது.

துருக்கிய மொழி 1928 முதல் இலத்தீன் அடிப்படையிலான எழுத்துக்களில் எழுதப்படுகின்றது. இக்கட்டுரையில் துருக்கியச் சொற்கள் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்துக்களில் தரப்பட்டுள்ளன. அம்மொழியின் புள்ளியில்லாத இகர எழுத்து ஏறத்தாழத் தமிழின் குற்றியலுகரம் போல ஒலிப்பதால், இங்கு அது உகரமாக எழுதப்பட்டுள்ளது.

சொல் வரலாறு

ஹேவ் என்பது பழைய ஆங்கிலத்தில் ஹப்பன் என வழங்கியது. இது செருமானிய மொழிகளுக்குப் பொதுவான சொல்லாகும். வடிவ ஒற்றுமையைக் கொண்டு, உடைமையைக் குறிக்கும் இலத்தீனின் ஹபேரெ என்னும் வினையுடன் இதனை இணைப்பது இயல்பாகத் தோன்றலாம். ஆயினும் ஒலி மாற்ற விதிகளின்படி இதன் உண்மையான இலத்தீன் உறவுச்சொல் கபெரெ, அதாவது பற்றுதல், கைப்பற்றுதல் என்பதாகும். கையில் பற்றியிருப்பதே உடைமை என்ற கருத்திலிருந்து இச்சொல் வளர்ந்தது எனலாம்.

எழுவாயாக உடையவரை நிறுத்தி, உடைமையைச் செயப்படுபொருளாக்கும் இவ்வமைப்பு உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானதன்று. உருசியம், அரபு, பின்னியம், இந்தி, தமிழ் ஆகியவற்றில் உடைமை பெரும்பாலும் 'இருத்தல்' வழியாகவே சொல்லப்படுகின்றது. பிரெஞ்சு மொழியியலாளர் எமீல் பென்வெனிஸ்த் 1960 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஹேவ் போன்ற வினைகள் 'ஒருவருக்கு இருத்தல்' என்பதன் தலைகீழான வடிவமே என வாதிட்டார். துருக்கிய மொழி அந்தத் தலைகீழாக்கத்தைச் செய்யாத மொழிகளுள் ஒன்றாகும்.

உடைமை: வர், யோக்

துருக்கிய மொழியில் உடைமையைக் கூறும் இயல்பான வழி வர், யோக் என்னும் இரு சொற்களாகும். வர் என்றால் உண்டு. யோக் என்றால் இல்லை. 'என்னிடம் கார் உண்டு' என்பதைத் துருக்கியர் அரபம் வர் என்பர். அரப என்பது வண்டி. ஈற்றிலுள்ள மகரமெய் 'எனது' என்னும் பொருள் தரும் விகுதி. அதாவது 'என் வண்டி உண்டு'. அவ்வாறே பரம் யோக் என்றால் 'என் பணம் இல்லை', அதாவது கையில் காசில்லை. இகி கர்தெஷிம் வர் என்றால் 'எனக்கு உடன்பிறந்தோர் இருவர்' என்பதாகும். கர்தெஷ் என்னும் சொல் ஆண், பெண் வேறுபாடு காட்டாது. ஆதலால் ஆங்கிலத்தில் சகோதரன் என்று தெளிவாகக் கூறப்பட்டிருந்தாலும் துருக்கிய வாக்கியத்தில் அத்தெளிவு தானே வருவதில்லை.

உடையவரின் பெயரைச் சொல்ல வேண்டின் அது ஆறாம் வேற்றுமையில் நிற்கும். அலினின் எவி வர் என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'அலியின் அவனது-வீடு உண்டு' என வரும். தமிழரைப் பொறுத்தவரை சிக்கல் இங்கேதான் உள்ளது. தமிழ் 'அலிக்கு வீடு உண்டு' என நான்காம் வேற்றுமையைப் பயன்படுத்துகின்றது. அதே பழக்கத்தில் துருக்கிய மொழியிலும் 'எனக்கு' என்று பொருள்படும் பன என்னும் சொல்லை இட்டால் பொருள் மாறிவிடும். பன மெக்துப் வர் மு என்பது 'என் பெயருக்குக் கடிதம் ஏதும் வந்துள்ளதா' என்று கேட்பதேயன்றி, கடிதம் ஒன்றை உடைமையாக வைத்திருப்பது பற்றியதன்று.

மற்றோர் இடத்தில் இரு மொழிகளும் நெருங்கி வருகின்றன. 'எனக்கு உண்டு' என்பதற்கும் 'என்னிடம் உள்ளது' என்பதற்கும் தமிழில் வேறுபாடு உண்டு. துருக்கிய மொழியிலும் அவ்வேறுபாடு உண்டு. அனஹ்தர் பெந்தெ என்றால் 'சாவி என்னிடம் உள்ளது'. சாவி யாருடையது என்பது அங்கு கேள்வியே இல்லை. ஆங்கிலத்தின் ஹேவ் இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

வர் முழுமையான வினைச்சொல் அன்று. தமிழின் உண்டு என்பதைப் போலவே அதற்கும் எல்லாக் காலங்களும் இல்லை. இறந்த காலத்தில் வர்து எனலாம்; எதிர்காலத்துக்கும் பெயரெச்சத்துக்கும் ஆதல் என்னும் பொருளுடைய ஒல்மக் வினை உதவிக்கு வருகின்றது. 'கார் வைத்திருக்கும் மனிதர்' என்பது அரபஸு ஒலன் அதம் ஆகும். இவ்விரு சொற்களுக்கும் இடையிலான பொருள் வேறுபாடு குழந்தை பற்றிய பேச்சில் நன்கு புலப்படும். சொஜுவு வர் என்றால் அவருக்குக் குழந்தை உண்டு. சொஜுவு ஒல்து என்றால் குழந்தை பிறந்தது. ஆங்கிலமோ இரண்டுக்கும் ஹேவ் என்பதையே கையாளும்.

பல வேளைகளில் வர் கூடத் தேவைப்படுவதில்லை. தாடி உள்ளவர் ஸகல்லு அதம், பணமற்றவர் பரஸுஸ் என விகுதி ஒன்றே போதுமானதாகும்.

வர் என்பதிலிருந்து பிறந்த வர்லுக் என்னும் சொல் இருப்பு என்றும் செல்வம் என்றும் பொருள்படும். யோக் என்பதிலிருந்து ஏழை எனப் பொருள்படும் யோக்ஸுல் பிறந்தது. இருத்தலே உடைமை என்னும் இவ்வழக்கு துருக்கிய வரலாற்றின் கசப்பான பகுதி ஒன்றின் பெயரிலும் உள்ளது. 1942 நவம்பர் 11 அன்று நிறைவேற்றப்பட்ட வர்லுக் வெர்கிஸி, அதாவது செல்வ வரி, நடைமுறையில் ஆர்மீனியர், கிரேக்கர், யூதர் முதலிய முசுலிம் அல்லாதோர் மீதே பெருஞ்சுமையாக விழுந்தது. வரி கட்ட இயலாதோர் பலர் எர்சுரும் மாகாணத்தின் அஷ்கலெ தொழில் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1944 மார்ச்சில் இவ்வரி நீக்கப்பட்டது. பெயரின் இரு பொருளையும் அறிந்தவருக்கு, பறிபோனது செல்வம் மட்டுமன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

ஸாஹிப் ஒல்மக்

ஹேவ் என்பதற்கு இருமொழி அகராதிகளில் பெரும்பாலும் முதலில் வருவது ஸாஹிப் ஒல்மக் என்பதாகும். ஸாஹிப் அரபுச் சொல். தமிழில் வழங்கும் சாகிபு என்பதும் இதுவே. எனவே இத்தொடரின் நேர்ப்பொருள் 'உரிமையாளர் ஆதல்'. நிலம், நிறுவனம், அதிகாரம், சிறப்பியல்பு ஆகியவற்றைப் பற்றிய எழுத்து நடையில் இது பொருந்தும். உடன்பிறந்தோரையோ தலைவலியையோ பற்றிப் பேசும்போது இது பொருந்தாது. உடன்பிறந்தவனுக்குத் தான் உரிமையாளன் என்று ஒருவர் கூறுவது போல அது ஒலிக்கும். மொழிபெயர்ப்பு நூல்களிலும் திரைப்பட வசனங்களிலும் ஆங்கில மூலத்தின் வாடையைக் காட்டிக் கொடுப்பதில் இத்தொடருக்கு முக்கிய இடமுண்டு.

சட்ட மொழியில் நிலைமை வேறு. 1982 ஆம் ஆண்டுத் துருக்கிய அரசியலமைப்பின் 17 ஆவது பிரிவு, ஒவ்வொருவரும் வாழும் உரிமைக்கு ஸாஹிப் எனக் கூறுகின்றது. இது ஆங்கில அமைப்புக்கு நெருக்கமானது. ஆனால் 1949 இல் துருக்கிய அரசிதழில் வெளியான உலக மனித உரிமைகள் சாற்றுரையின் மூன்றாம் பிரிவு வேறு வழியைத் தேர்ந்தது. ஆங்கில மூலம் 'ஒவ்வொருவரும் உரிமையை உடையர்' எனத் தொடங்க, துருக்கிய வடிவம் வாழ்வையும் விடுதலையையும் பாதுகாப்பையும் முன்னிறுத்தி, அவை ஒவ்வோர் ஆளின் உரிமை என முடிக்கின்றது. பின்னதே துருக்கிய மொழியின் இயல்புக்கு நெருங்கியது எனலாம்.

1932 இல் துருக்கிய மொழிக் கழகம் நிறுவப்பட்ட பின்னர் வலுப்பெற்ற தனித்துருக்கிய இயக்கத்தில், ஸாஹிப் என்பதற்கு மாற்றாக இயெ என்னும் பழஞ்சொல் மீட்கப்பட்டது. அது பேச்சு வழக்கில் வேரூன்றவில்லை. ஆயினும் அதிலிருந்து ஆன இயெலிக், உடைமை விகுதியைக் குறிக்கும் இலக்கணச் சொல்லாகப் பள்ளி நூல்களில் நிலைபெற்றுள்ளது.

முற்றுப்பெற்ற செயல்

ஆங்கிலத்தில் ஹேவ் துணைவினையாக நின்று ஒரு செயல் முடிந்துவிட்டதைக் காட்டும். துருக்கிய மொழியில் அப்பணிக்குத் துணைவினை இல்லை. விகுதியே அதனைச் செய்கின்றது. ஆனால் எந்த விகுதி என்பதை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டும். 'அவர் வந்துவிட்டார்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கெல்தி என்றும் பெயர்க்கலாம். கெல்மிஷ் என்றும் பெயர்க்கலாம். வந்ததைக் கண்டவர் அல்லது உறுதியாக அறிந்தவர் கெல்தி என்பார். யாரோ சொல்லக் கேட்டவரும், வாசலில் செருப்பைக் கண்டு ஊகித்தவரும் கெல்மிஷ் என்பர். தமிழில் 'வந்தாராம்', 'வந்திருக்கிறார் போலும்' ஆகிய இரண்டும் சேர்ந்தாற்போன்றது இது.

இவ்வேறுபாடு வெறும் நடை அழகு அன்று. ஒருவர் மற்றொருவரை அடித்துவிட்டார் என ஆங்கிலத்தில் கூறப்பட்ட சாட்சியத்தைத் துருக்கிய மொழிக்கு மாற்றுபவர், சாட்சி அதனைக் கண்டாரா கேள்விப்பட்டாரா என்பதை அறியாமல் வினையை முடிக்க இயலாது. ஆங்கில வாக்கியம் அதனைக் கூறுவதில்லை. விகுதி தவறினால் கண்ட சாட்சி கேட்ட சாட்சியாகிவிடும். கெல்மிஷ்திர் என்னும் நீட்டிய வடிவம் அரசு ஆவணங்களில் உறுதியான செய்திக்கே வழங்குவது, புதிதாகக் கற்போரை மேலும் குழப்புகின்றது.

செய்வித்தலும் நேர்தலும்

முடியைப் பிறரைக் கொண்டு வெட்டிக்கொள்வதை ஆங்கிலம் ஹேவ் கொண்டு சொல்லும். துருக்கிய மொழியில் ஸசுமு கெஸ்திர்திம், அதாவது 'என் முடியை வெட்டுவித்தேன்' என்பர். கெஸ் என்பது வெட்டு. கெஸ்திர் என்பது வெட்டுவி. தமிழின் பிறவினை விகுதியை அறிந்தவருக்கு இது புதிதன்று. செய்தவரைக் கூற வேண்டின் அவர் நான்காம் வேற்றுமையில் வருவார்: மரங்கொஸ மஸ யப்துர்தும், 'தச்சரைக் கொண்டு மேசை செய்வித்தேன்'. மஸ, மேசை ஆகிய இரண்டும் வெவ்வேறு வழிகளில் இலத்தீன் மூலத்திலிருந்து வந்தவை.

அதே ஆங்கில அமைப்பு, விரும்பாமல் நேர்ந்ததையும் குறிக்கும். தொலைபேசியைத் திருட்டுக் கொடுத்தவர் துருக்கிய மொழியில் செயப்பாட்டு வினையில் தெலெஃபொனும் சலுந்து என்பார். இதில் ஓர் அசை குறைந்து தெலெஃபொனும் சல்து என்றானால் 'என் தொலைபேசி ஒலித்தது' என்று பொருள். சல்மக் என்னும் வினை திருடுதலையும் ஒலித்தலையும் ஒருங்கே குறிப்பதே காரணம்.

கடப்பாடு

'நான் போக வேண்டியுள்ளது' என்பதற்கு ஹேவ் பயன்படும் இடங்களில் துருக்கிய மொழி மூன்று வழிகளைத் தருகின்றது. கித்மெலியிம் என்பது பேசுபவரின் சொந்தத் தீர்மானத்தை உணர்த்தும். கித்மெம் லாஸும் என்பது 'என் போதல் தேவை' எனப் பொதுவாக நிற்கும். கித்மெக் ஸொருந்தாயும் என்பது வெளியிலிருந்து வரும் கட்டாயம். இதிலுள்ள ஸொர் பாரசீகச் சொல். தமிழின் ஜோர் என்பதற்கும் அதுவே மூலம். வர் இங்கு வந்தால் கட்டாயம் ஆசையாகிவிடும்: கிதெஸிம் வர் என்றால் 'போக வேண்டும் போலிருக்கிறது'.

உணவு, நோய், வாழ்த்து

தேநீர் அருந்துவது சாய் இச்மெக். உணவு உண்பது யெமெக் யெமெக். பின்னதில் உணவும் உண்ணுதலும் ஒரே சொல். காலை உணவான கஹ்வல்து என்பது 'காப்பிக்கு அடியில்' எனப் பொருள்படும்; காப்பிக்கு முன் வயிற்றில் இடும் உணவு என்பதே அதன் கருத்து. குளித்தலுக்குச் சிலர் வழங்கும் துஷ் அல்மக், 'எடுத்தல்' என்னும் வினை கொண்டு அயல்மொழியைப் பின்பற்றிய தொடர் எனக் குறை கூறப்படுவதுண்டு.

தலைவலிக்குப் பஷும் ஆருயொர், 'என் தலை வலிக்கிறது'. காய்ச்சலுக்கு அதெஷிம் வர், 'என் நெருப்பு உண்டு'. இதே தொடரைத் தெருவில் புகைப்பவரிடம் கேள்வியாக்கினால் தீப்பெட்டி கேட்பதாகிவிடும்.

நல்ல பயணம் அமைக என்ற வாழ்த்தில் ஆங்கிலம் ஹேவ் கொண்டு தொடங்குகின்றது. துருக்கியர் வினையே இன்றி இயி யொல்ஜுலுக்லர், 'நல்ல பயணங்கள்' என்பர். உண்பவரிடம் கூறும் அஃபியெத் ஒல்ஸுன் என்பதில் மட்டும் ஒல்மக் வினை 'ஆகுக' என்னும் வடிவில் வருகின்றது.