மஞ்சள் பக்கங்களில் இன்னும் விளம்பரம் கொடுக்கலாமா?

2019 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து வீடுகளுக்கு ‘எல்லோ பேஜஸ்’ என்ற மஞ்சள் புத்தகம் கடைசி முறையாக வந்து சேர்ந்தது. 1966-ல் பிரிட்டனில் அது முதன்முதலாக வெளிவந்ததும் அதே ஊரில்தான். பிளம்பர், பல் மருத்துவர், பூட்டு திறப்பவர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் என்று ஓர் ஊரின் தொழில்களை எல்லாம் தலைப்புவாரியாக அடுக்கி வைத்திருந்த அந்தப் புத்தகம், அரை நூற்றாண்டுக்கு மேல் அந்நாட்டுச் சிறுவணிகர்களுக்குச் சோறு போட்டது.

அது நின்றதோடு அச்சு டைரக்டரி விளம்பரத்தின் காலமே முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வணிகர் சங்கக் கையேடு, தொழிற்பேட்டை டைரக்டரி, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தொலைபேசிப் புத்தகம் என்று ஏதாவது ஒன்றுக்கு விளம்பரம் கேட்டு இன்றும் கடை வாசலுக்கு ஆள் வருகிறார். ‘கால் பக்கமாவது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். கொடுப்பதா, வேண்டாமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த மஞ்சள் புத்தகம் தன் நல்ல காலத்தில் எப்படி வேலை செய்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் இல்லாத முதல் பட்டியல்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்றொரு நகரம். உலகின் முதல் தொலைபேசி டைரக்டரி அங்கே 1878 பிப்ரவரி 21 அன்று வெளியானது. மொத்தமே ஒற்றைத் தாள், 50 பெயர்கள். எண்கள் கிடையாது. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் இணைப்புக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தச் சிறிய தாளிலேயே வீடுகள், மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், கடைகளும் ஆலைகளும் என்று பிரிவுகள் இருந்தன. பெயர் தெரியாதவர்கூடத் தொழிலைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனை தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

1883-ல் வயோமிங் மாநிலத்து ஷையன் நகரில் ஓர் அச்சகத்தில் வெள்ளைத் தாள் தீர்ந்துபோய், கையில் இருந்த மஞ்சள் தாளில் டைரக்டரியை அடித்தார்கள் என்றும், அந்த நிறமே நிலைத்துவிட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1886-ல் சிகாகோவில் ரூபன் டானலி தொழில்வாரி டைரக்டரியை ஒரு முறையான வணிகமாகவே ஆக்கினார். புத்தகம் வாசகருக்கு இலவசம். அச்சுக்கூலி, விநியோகச் செலவு, லாபம் எல்லாம் விளம்பரதாரர் தரும் பணத்திலிருந்து. அமெரிக்காவில் வணிகத் தொலைபேசி வைத்திருப்பவருக்கு ஒரு வரி இலவசமாகக் கிடைத்தது. தடித்த எழுத்து, கட்டம் கட்டிய விளம்பரம், கால் பக்கம், முழுப் பக்கம் என்று பெரிதாகக் கேட்டால் காசு.

தேவை வந்தபின் திறக்கும் புத்தகம்

செய்தித்தாள் விளம்பரம் செய்தி படிக்க வந்தவரின் கண்ணில் படுகிறது. அவருக்கு அந்தப் பொருள் அன்று தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். டைரக்டரியைத் திறப்பவர் நிலை வேறு. சமையலறையில் குழாய் உடைந்து தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் ‘பிளம்பர்’ என்ற பக்கத்தைப் புரட்டுகிறார். காசு செலவழிக்கப்போவது உறுதி. யாரைக் கூப்பிடுவது என்பது மட்டுமே பாக்கி. இப்படிப்பட்டவர் முன்னால் நிற்க வாய்ப்புத் தந்ததுதான் மஞ்சள் பக்கங்களின் முழு பலமும்.

அதனால் எல்லாத் தொழிலுக்கும் அது ஒரேபோலப் பயன்படவில்லை. எப்போதாவது தேவைப்படுகிற, வந்தால் உடனே வேண்டியிருக்கிற, உள்ளூரிலேயே கிடைக்க வேண்டிய சேவைகளுக்குத்தான் அது பொருந்தியது. பூட்டு திறப்பவர், கரையான் மருந்து அடிப்பவர், வீடு மாற்றித் தருபவர், பழுதான வண்டியை இழுத்துச் செல்பவர் ஆகியோர் பலன் கண்டார்கள். தினமும் போகும் டீக்கடையை யாரும் டைரக்டரியில் தேடுவதில்லை.

முதலில் வரும் பெயர்

ஒரே தலைப்பின் கீழ் நாற்பது பிளம்பர்கள் இருந்தால் யார் பெயர் முதலில் வரும்? வரிப் பட்டியலில் அகரவரிசைதான் சட்டம். அதனால் ‘ஏ’ என்றும் ‘ஏஏஏ’ என்றும் தொடங்கும் கடைப் பெயர்கள் அமெரிக்காவெங்கும் பெருகின. ரயன் மெக்டெவிட் என்ற பொருளியலாளர் இல்லினாய் மாநிலப் பிளம்பிங் நிறுவனங்களை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘ஏ’ எழுத்திலோ எண்ணிலோ தொடங்கும் பெயர் கொண்ட நிறுவனங்கள் மீது, மற்றவற்றைவிடச் சராசரியாக ஐந்து மடங்கு புகார்கள் வந்திருந்தன. ஏற்கெனவே நல்ல பெயர் எடுத்தவரை வாடிக்கையாளர் பெயர் சொல்லித் தேடி வருகிறார். பெயர் எடுக்காதவருக்குத்தான் பட்டியலின் உச்சி பெரிதும் தேவைப்படுகிறது.

கட்டம் கட்டிய விளம்பரங்களுக்கு வேறு விதி. பல அமெரிக்க டைரக்டரிகளில் பெரிய விளம்பரம் முதலில் வரும். ஒரே அளவுடையவற்றில் பழைய விளம்பரதாரருக்கு முன்னுரிமை. ஓர் ஆண்டு விட்டுவிட்டால் அந்த இடம் போய்விடும். போட்டியாளர் அரைப் பக்கம் எடுத்தால் நாமும் எடுத்தாக வேண்டும் என்ற அச்சம் வேறு. கடைசித் தேதியைத் தவறவிட்டவர் அடுத்த பதிப்புக்காக ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். பலர் பலனைக் கணக்கிட்டுப் பார்க்காமலே ஆண்டுதோறும் விளம்பரத்தைப் புதுப்பித்ததற்கு இவையே காரணம்.

உச்ச நீதிமன்றம் வரை போன புத்தகம்

இந்தியாவில் மஞ்சள் பக்கங்களுக்கு ஒரு பெருமை உண்டு. நம் பேச்சுரிமைச் சட்டத்தில் அவற்றுக்கு இடம் இருக்கிறது. மும்பையில் தொலைபேசிச் சேவை நடத்திய எம்.டி.என்.எல். தன் டைரக்டரியில் மஞ்சள் பக்கங்களையும் சேர்த்திருந்தது. டாடா பிரஸ் நிறுவனம் தனியாக ஒரு மஞ்சள் பக்கத் தொகுப்பை வெளியிட்டபோது, அந்த உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று எம்.டி.என்.எல். வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995-ல் வந்த தீர்ப்பு, வணிக விளம்பரமும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றது. விளம்பரங்களின் தொகுப்பு தொலைபேசிச் சந்தாதாரர் பட்டியல் ஆகாது, அதை வெளியிட டாடா பிரஸ்ஸுக்குத் தடையில்லை என்றும் சொன்னது. விளம்பரத்தில் வரும் தகவலைப் பெறுவது மக்களின் உரிமை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் அழுத்தம் பெற்றது.

மறு ஆண்டே, 1996-ல், மும்பையில் ஜஸ்ட் டயல் பிறந்தது. அதைத் தொடங்கிய வி.எஸ்.எஸ். மணி முன்பு மஞ்சள் பக்கங்களுக்கு விளம்பரம் பிடிக்கும் வேலை பார்த்தவர். ஓர் எண்ணுக்குப் போன் செய்து ‘பக்கத்தில் ஏ.சி. மெக்கானிக் யார்?’ என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் பட்டியலைப் பார்த்துச் சொல்வார். மக்களுக்கு வேண்டியது தகவல்தான், புத்தகம் அல்ல என்பதை அந்தச் சேவை காட்டிக் கொடுத்தது.

சரிந்த கதை

அப்புறம் தேடுபொறி வந்தது, கைபேசி வந்தது, வரைபடச் செயலி வந்தது. குழாய் உடைந்தவர் கை இப்போது சட்டைப் பைக்குத்தான் போகிறது. கடை திறந்திருக்கிறதா, எவ்வளவு தூரம், முன்பு போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே தெரிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அச்சாகும் புத்தகத்தால் இதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

2009-ல் அமெரிக்காவின் இரண்டு பெரிய மஞ்சள் பக்க நிறுவனங்கள் திவால் பாதுகாப்பை நாடின. ஒன்று ஐடியார்க். மற்றொன்று, சிகாகோவில் இத்தொழிலை வளர்த்த டானலியின் பெயரையே தாங்கிய ஆர்.எச். டானலி. 2012-ல் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. தன் மஞ்சள் பக்கத் தொழிலின் பெரும்பங்கை விற்றுவிட்டது. கேட்காத புத்தகம் வீட்டு வாசலில் வந்து விழுந்து அப்படியே குப்பைக்குப் போகிறது என்று மக்கள் முறையிட்டதால், சியாட்டில் நகராட்சி 2010-ல் ‘எனக்கு வேண்டாம்’ என்று பதிவு செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேச்சுரிமைக்கு முரணானது என்று சொல்லி அந்த விதியை ரத்து செய்தது. சட்டம் புத்தகத்தின் பக்கம் நின்றது, படிப்பவர்கள்தான் போய்விட்டார்கள்.

வளர்ச்சிக்குக் காரணமாக இருந்ததே வீழ்ச்சிக்கும் காரணமானது. எல்லார் வீட்டிலும் இருந்ததால் எல்லாத் தொழிலாளரும் அதில் இருந்தார்கள். எல்லாத் தொழிலாளரும் இருந்ததால் எல்லாரும் அதைத் திறந்தார்கள். திறப்பவர் குறைந்ததும் விளம்பரம் குறைந்தது, புத்தகம் மெலிந்தது, மெலிந்த புத்தகத்தைத் திறப்பவர் இன்னும் குறைந்தார்கள். இந்தச் சுழலில் அரைப் பக்க விளம்பரத்தை முழுப் பக்கமாக்கினாலும் பயனில்லை.

கணக்கு எப்படிப் போடுவது?

இனி கடை வாசலில் நிற்பவருக்கு வருவோம். ஒரு பிளம்பரிடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்கு விளம்பரம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலையில் செலவு போக அவருக்கு 500 ரூபாய் நிற்கிறது. போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் அந்த விளம்பரத்தால் மட்டும் 24 வேலை வர வேண்டும். கூப்பிடுபவர்களில் மூவரில் ஒருவர்தான் வேலை தருவார் என்றால் 72 அழைப்புகள் தேவை. கிணற்றுத்துளை போடுபவருக்கோ, கல்யாண மண்டபம் நடத்துபவருக்கோ ஒன்றிரண்டு வாடிக்கையாளர் வந்தாலே போதும். ஆகவே விளம்பரத்தின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்ல முடியாது.

அழைப்பு எங்கிருந்து வந்தது என்று அறியப் பழைய மஞ்சள் பக்கத் தொழிலே ஒரு வழி வைத்திருந்தது: அந்த விளம்பரத்துக்கு மட்டும் ஒரு தனி எண். இன்று அது இன்னும் சுலபம். தனி சிம் ஒன்று வாங்கி, அந்த எண்ணை வேறெங்கும் போடாமல் அந்த விளம்பரத்தில் மட்டும் போட்டால், ஆண்டு முடிவில் எத்தனை அழைப்பு என்று கைபேசியே சொல்லிவிடும்.

பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை பிரதி அச்சாகிறது? யார் கைக்குப் போகிறது? சென்ற பதிப்பைக் கண்ணால் பார்க்கலாமா? அதில் விளம்பரம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த முறையும் கொடுக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். சென்ற பதிப்பில் இருந்த இரண்டு பேரை நாமே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். எச்சரிக்கையும் வேண்டும். நடக்கும் விரல்கள் கொண்ட பிரபலமான மஞ்சள் பக்கச் சின்னத்துக்கு அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. வணிகச் சின்ன உரிமை கோரவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொண்டு, கேட்காத விளம்பரத்துக்குப் ‘புதுப்பித்தல் பில்’ அனுப்பும் மோசடி அங்கே பல ஆண்டுகள் நடந்தது. அது போன்ற பில் வந்தால், நாம் எழுத்தில் ஒப்புக்கொண்ட விளம்பரமா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

எங்கே இன்னும் பலன் உண்டு?

ஊர் முழுவதற்கும் பொதுவான பெரிய அச்சு டைரக்டரி பெரும்பாலான சிறுவணிகர்களுக்கு இனி வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு முன்னால், வரைபடச் செயலியில் கடையை இலவசமாகப் பதிந்து, நேரம், எண், படம் மூன்றையும் சரியாக வைத்துக்கொள்வதே முதல் வேலை.

ஆனால் ஒரு குறிப்பிட்ட கூட்டம் பத்திரப்படுத்தி வைத்துப் பார்க்கிற சிறிய புத்தகம் வேறு வகை. முந்நூறு வீடுகள் உள்ள குடியிருப்பின் கையேடு பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் உதவும். தொழிற்பேட்டையின் டைரக்டரி லேத் பட்டறைக்கும் பேக்கிங் பெட்டி செய்பவருக்கும் உதவும். கனடாவின் டொரன்டோவில் தமிழர்கள் பெருகியபோது, தமிழில் பேசும் வக்கீலையும் காப்புறுதி முகவரையும் தேட அங்கே அச்சான தமிழ் வணிகக் கையேடுகள் கைகொடுத்தன. முதியோர் அதிகம் வாழும் இடங்களில், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கும் அச்சுப் புத்தகத்துக்கு இன்னும் மதிப்புண்டு. இவற்றில் எல்லாம் நாம் விலை கொடுத்து வாங்குவது, அந்தப் புத்தகத்தைத் திறக்கும் கைகளை. கைகள் இல்லாவிட்டால் வழவழப்புத் தாளும் வண்ண அச்சும் எதற்கும் உதவாது.

சிறுவணிகரின் விளம்பரப் பணம் பெரும்பாலும் அவர் உழைத்து மிச்சம் பிடித்த பணம். கேட்டவர் முகத்துக்காகவும் பழகிய தோஷத்துக்காகவும் அதைக் கொடுத்துவிடக் கூடாது. அச்சுக் காலம் போய்விட்டது என்று எல்லாரும் சொல்வதால் மறுத்துவிடவும் கூடாது. ஒரே ஓர் ஆண்டு, தனி எண் போட்டு, சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கலாம். அந்தப் பிளம்பருக்கு 24 வேலைக்கு மேல் வந்தால் அடுத்த ஆண்டும் கொடுக்கலாம். வராவிட்டால் தயங்காமல் நிறுத்திவிடலாம்.