பொம்மையல்ல, மாதிரி ரயில்

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது என்பது பள்ளிப் பாடம். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1836-இல், சென்னை சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே ஒரு சிறு இருப்புப் பாதை போடப்பட்டிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. அந்தப் பாதை எந்த ஊருக்கும் செல்லவில்லை. அது ஒரு சோதனைத் துண்டு. அடுத்த ஆண்டு, சாலை போடுவதற்கான கற்களைச் சுமக்க, ஆர்தர் காட்டனின் முயற்சியில் செங்குன்றம் ரயில் பாதை உருவானது.

பெரிதாகச் செய்வதற்கு முன் சிறிதாகச் செய்து பார்ப்பது மனித இயல்பு. பெரிதாகச் செய்யப்பட்டது மறைந்துகொண்டிருக்கும்போது, அதைச் சிறிதாகவேனும் செய்து வைத்துக்கொள்ள நினைப்பதும் அதே இயல்பின் மறுபக்கம்தான். அந்த இரண்டாவது வேலையைச் செய்பவர்கள் நம் நகரங்களில் சிலர் இருக்கிறார்கள். மாதிரி ரயில் கலைஞர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். அரசின் சுங்க வரிப் பட்டியலோ அவர்கள் கையாளும் பொருள்களைப் பொம்மைகளுடன் ஒரே தலைப்பில் வைத்திருக்கிறது. இதன் விளைவு என்ன என்பதை விளக்குவதற்கு முன், அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

கடையில் பெட்டியோடு வாங்கி, கூடத்தில் வட்டமாகப் பூட்டி ஓட்டும் ரயில் வேறு. மாதிரி ரயில் வேறு. என்ஜின், பெட்டி, நடைமேடை, பாலம், கைகாட்டி, தண்ணீர்த் தொட்டி என்று அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, உண்மையான ரயில் இயங்கும் விதிகளின்படியே இயக்குவது பின்னது. உலகில் மிகுதியாகப் புழங்கும் விகிதம் 1:87. 'எச்.ஓ.' என்பது அதற்கு வழங்கும் பெயர். பிரிட்டனில் 1:76, இடம் குறைந்த வீடுகளில் 1:160.

87-ஆல் வகுத்தால் போதும் என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால்தான் தொல்லை தெரியும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையின் பழைய வகைப் பெட்டி ஒன்று, இருமுனை பஃபர்களையும் சேர்த்து 22.3 மீட்டர் நீளம். சுருக்கினால் 25.6 சென்டிமீட்டர். 24 பெட்டிகள் கொண்ட விரைவு ரயில் என்றால் 6 மீட்டரைத் தாண்டிவிடும். சென்னை அடுக்ககங்களில் எத்தனை கூடங்களுக்கு அந்த நீளம் இருக்கிறது? நமது அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். சுருக்கினால் 2 மீட்டர். அப்படி ஒரு அரைவட்டம் திரும்ப 4 மீட்டர் அகலம் தேவை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான சுமார் 30 கிலோமீட்டர் பாதையைச் சுருக்கினாலும் ஏறத்தாழ 345 மீட்டர் வரும். ஆகவே எதைக் குறைப்பது, எதை விடுவது, எதை மட்டும் அப்படியே காப்பது என்ற தெரிவு முதல் நாளே வந்துவிடுகிறது. பற்றாக்குறையின் கீழ் தெரிவு செய்வதைப் பற்றிய இயல்தான் பொருளியல் என்று 30 ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் சொல்லி வந்தவன் நான். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

எடை இன்னும் விநோதமானது. நீளம் 87-இல் ஒன்றாகும்போது கன அளவு 6,58,503-இல் ஒன்றாகிவிடும். நாடெங்கும் பல்லாண்டு ஓடிய 'டபிள்யு.டி.எம்.2' டீசல் என்ஜின் ஏறத்தாழ 113 டன். அதன் மாதிரி கணக்குப்படி சுமார் 170 கிராம்தான் இருக்க வேண்டும். அந்த எடையில் சக்கரம் வழுக்குமே தவிர, பத்துப் பெட்டிகளை இழுக்காது. எனவே உள்ளே ஈயத் துண்டுகளை வைத்து எடை கூட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விகிதம், தெரியாத இடத்தில் சமரசம்.

இவை எல்லா நாட்டுக் கலைஞர்களுக்கும் பொதுவானவை. நமக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. உலகச் சந்தையில் கிடைக்கும் 1:87 மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மி.மீ. பாதைக்கு அது சரியான அளவு. நமது அகலப் பாதை 1,676 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. கடைத் தண்டவாளத்தில் நம் பெட்டியை நிறுத்தினால், பெரிய உடம்பும் ஒடுங்கிய கால்களுமாகத் தெரியும். ஒன்று, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தண்டவாளத்தையும் சக்கர அச்சுகளையும் கையாலேயே செய்ய வேண்டும். இந்த அகலம் பெருவழக்காக உள்ள நாடுகள் மிகச் சில. அவற்றை நம்பி எந்த வெளிநாட்டு நிறுவனமும் அச்சு வார்க்க முன்வருவது கடினம்.

இனி, இக்கலையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. பளபளப்பாக வண்ணம் தீட்டி முடித்த பெட்டியை யாரும் அப்படியே ஓடவிடுவதில்லை. அதை அழுக்காக்குகிறார்கள். 'வெதரிங்' என்பது தொழிற்பெயர்; வெயிலும் மழையும் உழைப்பும் ஒரு பொருளின் மீது ஏற்றும் முதுமையைக் கையால் ஏற்றுவது என்று பொருள்.

அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை என்பதுதான் இதன் முதல் பாடம். பிரேக் பிடிக்கும்போது தேயும் இரும்புத் துகள் பெட்டியின் அடிப்பகுதியிலும் ஜல்லியிலும் பழுப்பாகப் படியும். டீசல் என்ஜினின் கூரையில் புகைபோக்கியை ஒட்டிக் கரி அடர்ந்து, பின்னோக்கி மெலியும். நீராவி என்ஜினில் கொதிகலனின் மூடித் துளைகளுக்குக் கீழே உப்புநீர் கசிந்து வெண்மையான கோடுகள் விழும். பழைய பயணிகள் பெட்டிகளில் துரு தொடங்கும் இடம் கழிவறைக்கு அடியில் உள்ள சட்டம். கழிவு நேரே பாதையில் விழுந்த காலத்தின் சாட்சி அது. சென்னைப் புறநகர் மின்ரயில் என்றால், கதவோரக் கம்பியில் கைபட்டுக் கைபட்டு வண்ணம் போய் உலோகம் மின்ன வேண்டும். சன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாற்றின் தடம் இருக்க வேண்டும்.

செய்முறை எளிது. வண்ணத்தை நீர்போல் கரைத்துப் பூசி, மேடுகளில் துடைத்து, இடுக்குகளில் தங்கவிட வேண்டும். பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தொட வேண்டும். காவிப்பொடியும் விளக்குக் கரியும் சாக்பீஸ் தூளும் அதன்மேல் மென்மையாகத் தேய்க்கப்படும். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசி அனைத்தையும் நிலைநிறுத்துவார்கள். கருவிகளைவிடக் கண்தான் முக்கியம். கற்பனையில் அழுக்காக்கக் கூடாது, ஓடும் வண்டியின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இவர்களிடையே எழுதப்படாத சட்டம். கணக்குப் புத்தகத்தில் நாங்கள் தேய்மானத்தை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று நேர்கோடாக எழுதிவிடுவோம். உண்மையில் தேய்மானம் ஓர் ஆணித்தலையில் தொடங்கிப் பரவுகிறது என்பதை, மாதிரிப் பெட்டி ஒன்றுக்குத் துரு ஏற்றுபவர் எங்களைவிட நன்றாக அறிவார்.

இயக்குவது தனிக் கலை. எளிய அமைப்பில் ஒரு தண்டவாளம் நேர்மின், மற்றொன்று எதிர்மின். 12 வோல்ட் வரை கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். அதில் ஒரு பாதையிலுள்ள எல்லா என்ஜின்களும் ஒன்றாகவே நகரும். புதிய எண்முறை அமைப்பில் ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் முகவரி கொண்ட சிறு மின்னணுத் தகடு இருக்கும். கட்டளை அந்த முகவரிக்கு மட்டுமே போய்ச் சேரும். பாயிண்ட் மாற்ற, கைகாட்டி இறங்க, நிலைய விளக்கு எரிய என்று மேசைக்கு அடியில் ஓடும் கம்பிகளின் நீளம் மேலே ஓடும் தண்டவாளத்தைவிடப் பன்மடங்கு. இதற்கான மோட்டார், ரிலே, எல்.இ.டி. விளக்கு, ஈயப் பற்றுக் கம்பி எல்லாம் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்கும். நெசவாளர்களுக்காக 1734-இல் உருவாக்கப்பட்ட பேட்டை, இன்று கம்பி பின்னுபவர்களுக்கும் பயன்படுகிறது.

இந்தக் கம்பிப் பின்னல் வீண்பொழுது என்று நினைப்பவர்கள் ஒரு வரலாற்றை அறிய வேண்டும். அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946-இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் மன்றம் தொடங்கினார்கள். பழைய தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு தண்டவாளத்தின் கட்டுப்பாட்டுச் சுற்றுகளை அமைத்த பிரிவினர், 1950-களின் இறுதியில் கல்லூரிக்கு வந்த கணினிகளை நோக்கி நகர்ந்தனர். 'ஹேக்கர்' என்ற சொல் கணினி உலகுக்குள் வந்தது அந்த மன்றத்தின் பேச்சு வழக்கிலிருந்துதான்.

இது முழுக்க மேற்கத்தியப் பழக்கம் என்றும் சொல்வதற்கில்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நவராத்திரிக் கொலுப்படிகளின் கீழே 'பார்க்' அமைக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், களிமண்ணில் மலை, அதைச் சுற்றிச் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தரையாக்குவதும், மரத்தூளுக்குச் சாயமேற்றிப் புல்லாக்குவதும் மாதிரி ரயில் கலையின் பால பாடங்கள். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அவற்றின் அண்டை வீட்டு நுட்பங்களைத் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். ஒன்பது நாளில் கலைத்துவிடுகிறோம் என்பது ஒன்றே வேறுபாடு. கலைக்காமல் நிலையாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புணே நகரில் ஒரு சான்று உண்டு. ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தை 1998-இல் மாதிரி ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் தொடங்கிய மாதிரி உலகம் இன்று அந்நாட்டின் பெரும் சுற்றுலாத் தலங்களுள் ஒன்று.

இனி வரிக்கு வருவோம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. தரமற்ற இறக்குமதிகளிலிருந்து உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நோக்கம். நோக்கத்தில் குறை காண முடியாது. சன்னபட்டணமும் கொண்டபள்ளியும் தஞ்சாவூரும் வாழ வேண்டியவையே. ஆனால் சுங்கப் பட்டியலின் 9503 என்ற தலைப்பு, பொம்மைகளோடு, விகித அளவில் சுருக்கப்பட்ட மாதிரிகளையும் சேர்த்தே அடக்குகிறது. ரூ.10,000 மதிப்புள்ள மாதிரி என்ஜினுக்கு அடிப்படைச் சுங்க வரி மட்டும் ரூ.7,000. அதே அரசு பிறப்பித்த 2020-ஆம் ஆண்டின் பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையோ, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள் என்று பொம்மைக்கு எல்லை வகுக்கிறது. தரத்தைப் பார்க்கும் துறைக்கு வயது வேறுபாடு தெரிகிறது. வரி வாங்கும் துறைக்குத் தெரியவில்லை.

இளந்தொழிலை வரிச்சுவரால் காக்க வேண்டும் என்ற வாதத்தைப் புகழ்பெறச் செய்தவர் ஜெர்மானியப் பொருளியலாளர் ஃபிரெடரிக் லிஸ்ட். லைப்சிக்–டிரெஸ்டன் ரயில் பாதைக்காகப் போராடிய முன்னோடியும் அவரே. அதே லைப்சிக் நகரின் சந்தையில்தான் 1891-இல் மெர்க்லின் நிறுவனம் அளவு வரையறுக்கப்பட்ட விளையாட்டு ரயில் தண்டவாளங்களை அறிமுகப்படுத்தியது. லிஸ்டின் வாதத்துக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: காப்பதற்கு ஒரு குழந்தை இருக்க வேண்டும். 19.3 மி.மீ. இடைவெளியில் சக்கர அச்சும் தண்டவாளமும் வார்க்கும் பெருந்தொழில் இங்கே இல்லை. வாங்குவோர் சிலர் என்பதால் செய்வோர் இல்லை. செய்வோர் இல்லாததால் வாங்குவோர் பெருகவில்லை.

இந்தச் சுழலை உடைக்கும் கருவி இப்போது வந்திருக்கிறது. பிளாஸ்டிக் வார்ப்புக்கு அச்சுச் செலவு மிக அதிகம். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். முப்பரிமாண அச்சு எந்திரத்தில் பத்து உடல்களும் செய்யலாம், ஒன்றும் செய்யலாம். நம் பெட்டியின் உடலை இங்கேயே அச்சிட்டு, அடியில் ஓடும் மோட்டார்ச் சட்டத்தையும் சக்கரங்களையும் மட்டும் தருவித்தால் ஒரு சிறுதொழில் முளைக்க இடமுண்டு. 70 விழுக்காடு வரி அந்த உள்ளீட்டின் மீதும் விழுந்தால், பாதுகாப்பு என்ற பெயரில் முளையைக் கிள்ளியதாகிவிடும். சுங்கப் பட்டியலின் 8 இலக்கங்களில் முதல் 6 உலகப் பொது. கடைசி 2 இலக்கங்களை வகுக்கும் உரிமை நம் அரசினுடையது. விகித மாதிரிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் தனி வரிசை எண் தருவதற்கு எந்தப் பன்னாட்டு உடன்பாடும் குறுக்கே நிற்கவில்லை.

காலம் நெருக்குகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைக் கடற்கரை–தாம்பரம் இடையே 1931-இல் தொடங்கிய மீட்டர் பாதை மின்ரயில் 2004-இல் நின்றுபோனது. அந்தத் தடத்திலும் விழுப்புரம் வரையிலும் பயணிகள் வண்டிகளை இழுத்தவை, 1960-களில் ஜப்பானிலிருந்து வந்த 'ஒய்.ஏ.எம்.1' மின் என்ஜின்கள். நாட்டில் வேறெங்கும் அவற்றுக்கு வேலை இருக்கவில்லை. அந்த என்ஜினின் மாதிரியை எந்த அயல்நாட்டு நிறுவனமும் செய்யப்போவதில்லை. செய்தால் சென்னைக்காரர்தான் செய்ய வேண்டும். அதற்குத் தேவை நீள, அகல, வளைவு அளவுகள். பெரம்பூர்ப் பணிமனையில் அவ்வகை வண்டிகளைக் கையாண்ட தலைமுறை எழுபதைக் கடந்துவிட்டது. வரைபடத்தில் இல்லாத நூறு விவரங்கள் அவர்களின் நினைவில் இருக்கின்றன. ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய சென்னை ரயில் அருங்காட்சியகம், ஓய்வுபெற்ற என்ஜின்கள், பெட்டிகள் ஆகியவற்றின் அளவு வரைபடங்களைப் பொதுமக்கள் படியெடுத்துக்கொள்ள வைக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, அளவு நாடாவும் ஏணியுமாக வருபவர்களை அனுமதித்து, அருகில் ஒரு பழைய பணிமனைத் தொழிலாளரையும் அமர வைக்கலாம்.